முதல் கோரிக்கை: ஸ்டூல்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் நேற்று மாலை சீர் செய்யப்பட்டுவிட்டது. உள்ளே ஆள் இருக்கிறது என்பதைப் பாட்டுப் பாடியே ஊருக்குத் தெரிவித்து வந்த மூன்றாண்டு காலம் முடிவுக்கு வந்தது. அப்பாவுக்குப் பழக்கம் விடவில்லை. இன்று காலையும் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பாடினார்.

இங்கே எல்லோரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? விடுதிச் சாப்பாட்டில் எடை குறைந்தாயா, அறிவு கூடியதா?

இனி அரசியல். மருத்துவமனைத் துணி துவைக்கும் நம் லாண்டரியில், படுக்கை விரிப்பு இஸ்திரி போடும் ரோலர் பகுதியையும் காண்ட்ராக்டுக்கு விடப்போகிறார்களாம். அப்பா உட்பட நாற்பது பர்மனென்ட் ஆட்களின் வேலையும் போய்விடும் என்று பேச்சு. வேலைநிறுத்தம் செய்யலாம் என்றால், மடிப்புக்கூடத்தில் இருக்கும் அறுபது காண்ட்ராக்ட் பெண்களும் சேர்ந்து நின்றால்தான் பலிக்கும். அந்தப் பெண்களுக்குத் தலைவி மாதிரி ஒருவர் இருக்கிறார். கஞ்சி போட்டதுபோல விறைப்பாக நிற்பதால் பெயரே கஞ்சிக்கா. அவர் சொல்லிவிட்டார்: வருகிறோம், ஆனால் முதல் கோரிக்கை எங்களுக்கு உட்கார ஸ்டூல். எட்டு மணி நேரம் நின்றபடியே மடிக்கிறார்கள்.

சங்கத்தில் ஒரே சிரிப்பு. நிரந்தர வேலைக்கான போராட்டத்தில் ஸ்டூல் கேட்க இது என்ன சினிமா கொட்டகையா என்றாராம் பாய்லர்காரர்.

செயலாளர் என்ற முறையில் அப்பா பதில் அறிக்கை எழுத வேண்டும். எழுத வேண்டியது யார் என்று உனக்குத் தெரியும். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடவும் பெரிய எழுத்தைக் கூட்டிப் படிக்கவும்தான் வரும் என்பது நம் வீட்டு நான்கு பேரோடு நிற்கிற ரகசியம். இரண்டு வருஷமாகச் சங்கப் பலகையில் என் எழுத்து. ஊரே 'செயலாளர் கையெழுத்து முத்து முத்தா இருக்கு' என்கிறது. முத்தை ஈன்ற சிப்பி இங்கே கணக்கில் பெயிலாகிக்கொண்டிருக்கிறது.

நீ படிப்பது என்ன என்று அப்பா கேட்கிறார். 'பின்' என்று ஏதோ தொடங்குமாமே?

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
வாலு

*

ஜனவரி 21

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். உன் கணக்கு நலமில்லை என்று அம்மா ஏற்கெனவே சொல்லியனுப்பினாள். அம்மாவின் முதுகுவலி எப்படி?

நான் படிப்பது பின்மார்க்சியம். சுருக்கமாகச் சொல்கிறேன், அப்பாவிடம் படித்துக் காட்டாதே. ஆலையில் வேலை செய்பவர்கள் எல்லோரும் பிறப்பிலேயே ஒரே வர்க்கம், ஒரே நலன், ஒருநாள் சேர்ந்து உலகத்தை மாற்றுவார்கள் என்று பழைய புத்தகங்கள் சொல்லின. நாங்கள் இப்போது படிக்கும் ஆசிரியர்கள் அதைச் சந்தேகப்படுகிறார்கள். அந்த ஒற்றுமை தானாக இருப்பதில்லை, ஒரு கோரிக்கையைச் சுற்றி அதைக் கட்டித்தான் ஆக வேண்டும் என்கிறார்கள். பர்மனென்ட் ஆளுக்கும் காண்ட்ராக்ட் பெண்ணுக்கும் நடுவில் இருப்பது சும்மா ஒரு கோடா? கிழிந்த விரிப்புகளை வீட்டில் உட்கார்ந்து தைக்கிற நம் அம்மாவைச் சங்கம் தொழிலாளி என்று ஒருநாளாவது சொன்னதுண்டா?

இன்னொன்று. உழைப்பே உயர்வு என்று முதலாளியும் பேசுகிறார், சங்கமும் பேசுகிறது. உழைப்பு கொஞ்சம் குறையட்டும் என்று கேட்கும் துணிச்சல் அந்த ஸ்டூலில் இருக்கிறது. அதன்மேல் ஒரு கண் வை.

உலகத்தை விடுவிக்கப் பிறந்த அந்த ஒற்றைத் தொழிலாளி எங்கள் வகுப்பறையில் காலமாகி வெகுநாளாயிற்று. நாங்கள் இன்னும் காரியம் செய்துகொண்டிருக்கிறோம்.

அம்மாவுக்குத் தைலம் தேய்த்துவிடு.
அக்கா

*

பிப்ரவரி 4

பேராசிரியை அக்காவின் சமூகத்துக்கு,

நலம், நலமறிய ஆவல், நீ திட்டுவாய் என்பதும் அறிவேன். அப்பாவிடம் படித்துக் காட்டிவிட்டேன்.

முழுதும் கேட்டார். காலமாகிவிட்டார் என்ற இடத்தில் மட்டும் தலையைத் தூக்கி, "நான் செத்துட்டேன்னா நாளைக்கு ஆறு மணி ஷிப்டுக்கு யார் போறது? அதையும் உன் அக்காவைக் கேட்டு எழுது" என்றார். பிறகு அம்மா தைத்துக்கொண்டிருந்த விரிப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் திடீரென்று விடுப்பு எடுத்துக்கொண்டார். ரோலருக்குப் போகாமல் மடிப்புக்கூடத்துக்குப் போய், ஒரு ஷிப்ட் முழுக்கப் பெண்களோடு நின்று மடித்துவிட்டு வந்தார். யாரோடும் பேசவில்லையாம். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்ற முடியவில்லை, பாதம் உப்பிவிட்டது. வாளியில் வெந்நீர் ஊற்றிக் காலை வைத்துக்கொண்டு, "எழுதுடா. முதல் கோரிக்கை ஸ்டூல்" என்றார்.

எழுதினேன். சங்கத்தில் பெரிய சண்டை. அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. கஞ்சிக்கா பலகைக்கு முன் வந்து நின்று படித்துவிட்டுத் தலையசைத்தாராம். பிப்ரவரி 22 மாலை இரு தரப்பும் கூடி வேலைநிறுத்தத்துக்கு ஓட்டுப் போடப்போகிறார்கள்.

ஆக, உன் தத்துவம், அப்பாவின் கால், என் கை. இதில் முக்கியமானது எது என்பதை வரலாறு தீர்மானிக்கும். எனக்கு இப்போதே தெரியும்.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.
சங்கத்தின் மூளை (சம்பளமில்லாமல்)

*

பிப்ரவரி 10

அன்புள்ள மூளைக்கு,

நலமே. உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அப்பாவின் கால் தேவலையா?

எனக்கு ஓர் உதவி. அடுத்த மாதம் துறையில் கருத்தரங்கு. இந்த ஸ்டூலைப் பற்றித்தான் பேசப்போகிறேன். மடிப்புக்கூடத்துக்குப் போய்க் கஞ்சிக்காவைப் பார். எத்தனை வருஷமாக நிற்கிறார்கள், உட்காருவது என்றால் அவர்களுக்கு என்ன, எல்லாம் கேள். அவர் சொல்கிற வார்த்தையை அப்படியே எழுதி அனுப்பு. சீக்கிரம்.

அக்கா

*

பிப்ரவரி 22, காலை

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். நான் மட்டும் நலத்துக்கும் மேலே.

கஞ்சிக்காவைப் பார்த்தேன். நீண்ட நேரம் மனம்விட்டுப் பேசினார். "நின்னு நின்னு நான் சுவரா ஆயிட்டேன் தம்பி. சுவருக்கு உட்காரணும்னு ஆசை வந்தா அதுக்குப் பேருதான் போராட்டம்" என்றார். எப்படி? இன்னும் இரண்டு பக்கம் தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய விஷயம். இன்று விடிந்ததும், முதல் ஷிப்டுக்கு முன்னால், சங்கப் பலகையில் என் சொந்தப் படைப்பு ஒன்றை ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். மாலைக் கூட்டத்துக்கு முன் எல்லோரும் கொஞ்சம் சிரிக்கட்டுமே. விதை உன்னுடையது, மரம் என்னுடையது. நகல் இதோ:

"கண்ணீர் அஞ்சலி. உலகத்தை விடுவிக்கவெனப் பிறந்து, ஓவர்டைம் காரணமாக அதற்கு நேரம் கிடைக்காத திருவாளர் தொழிலாளி வர்க்கம் அவர்கள், நின்று நின்று கால் வீங்கி இன்று காலை ஷிப்டில் காலமானார். அன்னாரின் கடைசி ஆசை ஒரு ஸ்டூல். கிடைத்திருந்தால் உட்கார்ந்தபடியே செத்திருப்பார். இறுதி ஊர்வலம் மாலை நான்கு மணிக்கு. நடக்க முடியாத மடிப்புக்கூட மகளிர் உட்கார்ந்தபடி வரலாம். அவரவர் நாற்காலியை அவரவரே சுமந்து வரவும். துயரத்துடன், சங்கம்."

ஊர் எப்படிச் சிரித்தது என்று நாளை எழுதுகிறேன்.

உன் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் படி.
வாலு

*

மார்ச் 1

அன்புள்ள வாலு,

வயிறு வலிக்கச் சிரித்தேன். அறைத்தோழிகளுக்கும் படித்துக் காட்டினேன். எங்கள் புத்தகங்கள் நூறு பக்கத்தில் சொல்வதை ஒரு பாராவில் சொல்லிவிட்டாய். கஞ்சிக்காவின் சுவர் வாக்கியம் பொன்.

ஓட்டு என்ன ஆயிற்று? நாளை எழுதுகிறேன் என்றாய், வாரமாகிறது. எல்லோரும் சுகம்தானே?

அக்கா

*

மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. அம்மாவுக்குத் தனியாக ஒன்று போட்டேன், அதற்கும் பதிலில்லை. யாருக்காவது உடம்பு சரியில்லையா? கருத்தரங்கு முடிந்தது. அதைப் பற்றிப் பிறகு.

ஒரு வரியாவது போடு.
அக்கா

*

ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

யாருக்கும் காய்ச்சல் இல்லை. கவலைப்படாதே. பரீட்சை நடந்துகொண்டிருந்தது, தபால் தலை தீர்ந்துவிட்டது, பேனா கசிந்தது. இந்த மூன்றில் உனக்குப் பிடித்த காரணத்தை எடுத்துக்கொள்.

கூட்டம் நடக்கவில்லை. தள்ளிவைத்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். பெண்கள் வரவில்லை. அறுபதில் ஒருவர்கூட.

அவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா. ஜனவரி முதல் வாரத்தில் மடிப்புக்கூடத்தில் ஒரு பெண் கால் வீங்கி மயங்கி விழுந்து, அடுத்த நாளே காண்ட்ராக்ட்காரர் அவரை நிறுத்திவிட்டாராம். கஞ்சிக்காவின் தங்கை. ஸ்டூல் கேட்டது அதற்குப் பிறகுதான். எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

பலகையில் இருந்தது செயலாளர் கையெழுத்து. இரண்டு வருஷமாக அந்த எழுத்தைப் பார்த்து வருகிறார்கள், அடையாளம் தெரியாதா. ஒருநாள் வந்து பக்கத்தில் நின்று மடித்துவிட்டு, அந்த வீங்கின காலையே கேலி பண்ணிவிட்டார் என்று பேச்சு. பாய்லர்காரர் அப்பாவைக் கேட்டாராம், இது நீங்க எழுதினதா என்று. எல்லோரும் நின்றிருந்தார்களாம். அப்பா பலகையைப் பார்த்துவிட்டு, "ஆமா, நாந்தான்" என்றாராம்.

வீட்டுக்கு வந்தவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. சாப்பிடும்போது தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான்.

நான் போய் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அவருக்கு எழுத வராது என்பது ஊருக்கே தெரிந்துவிடும். அவர் மானத்தைக் காப்பாற்றத்தான் சும்மா இருக்கிறேன். சரிதானே? நீ படித்தவள், சொல். ரோலர் பகுதியை எடுத்துக்கொள்ள மே மாதம் காண்ட்ராக்ட் ஆட்கள் வருகிறார்கள்.

தம்பி

*

ஏப்ரல் 17

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

போய்ச் சொல் என்று எழுதத் தொடங்கினால் கை நிற்கிறது. உன் அஞ்சலியைக் கருத்தரங்கில் முழுதாகப் படித்தேன். 'அவரவர் நாற்காலியை அவரவரே' என்ற இடத்தில் அரங்கமே சிரித்தது. சுவர் வாக்கியத்தை இரண்டு முறை சொன்னேன். பேராசிரியர் கை குலுக்கினார். நான் பேசி முடிக்கும்வரை அங்கே எல்லோரும் மெத்தை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். அது எனக்கு உன் கடிதம் வந்த பிறகுதான் உறைத்தது.

அந்தப் பெண் விழுந்தது உனக்குத் தெரியாது என்கிறாய். கேட்டு எழுது என்று உன்னை அனுப்பினேனே தவிர, எனக்கு அங்கே யாரைத் தெரியும்? ஒரு வார்த்தை வேண்டியிருந்தது, நல்ல உதாரணம் வேண்டியிருந்தது. அப்பா ஒருநாள் நின்று தெரிந்துகொண்டதை நான் மூன்று வருஷம் உட்கார்ந்து படித்தேன். தத்துவம் தப்பு என்று சொல்லவில்லை. ஒற்றுமையைக் கட்ட வேண்டும் என்று அது சொன்னது சரி. அப்பா கட்டினார். நாம் இரண்டு பேரும் சேர்ந்து அதை இடித்தோம்.

அப்பாவின் மானம் என்கிறாய். அதை நீ காப்பாற்றுகிறாயா, அது உன்னைக் காப்பாற்றுகிறதா? எனக்கே தெரியாததை உன்னைக் கேட்கிறேன். போய்ச் சொல்.

அம்மா எப்படி இருக்கிறாள்?
அக்கா

*

மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

வெற்றி முரசு கொட்டட்டும். சொல்லிவிட்டேன்.

நேற்று மடிப்புக்கூடத்துக்கு நேரே போனேன். மடிக்கிற மேசைமேல் ஏறி நின்றேன். "தாய்மார்களே, அதை எழுதிய கை இதுதான்" என்று கையை உயர்த்திக் காட்டினேன். அறுபது பேரும் வாயடைத்துப் போனார்கள். உன் தத்துவத்தையும் ஒரு பிடி தூவினேன். கஞ்சிக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும்" என்றார். மறுபடி ஓட்டுக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்கள். வரும் திங்கள் கூட்டம், ஸ்டூல்தான் முதலில். அப்பா என்னைக் கட்டிக்கொண்டார்.

இந்தப் பேச்சை உன் அடுத்த கருத்தரங்கில் பயன்படுத்திக்கொள்ளலாம். கட்டணம் கிடையாது.

அனைவரும் நலம். அம்மாவும்.
வாலு

*

மே 6

அக்கா,

நேற்றுப் போட்ட கடிதமும் இதுவும் ஒன்றாகத்தான் வந்து சேரும். அதை முதலில் பிரித்திருந்தால், படித்ததை மறந்துவிடு. திங்கள் கூட்டம் உண்டு, ஸ்டூல் முதலில், இந்த இரண்டும்தான் அதில் நிஜம்.

திங்கள்கிழமைதோறும் அம்மா தைத்த விரிப்புகளை மடிப்புக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுப்பாள், நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவேன். இரண்டு மாதமாகக் கஞ்சிக்கா அம்மாவோடு பேசுவதில்லை, மூட்டையை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். இந்தத் திங்கள் அம்மா மூட்டையை விடவில்லை. பிடித்துக்கொண்டே, "அவருக்கு எழுத வராது அக்கா. பலகையில இருக்கிறது எல்லாமே இவன் கை. அன்னிக்கு ஒட்டினதும் இவன்தான், அவருக்குத் தெரியாம" என்றாள்.

கஞ்சிக்கா அம்மாவைப் பார்த்து, "வீட்டுக்காரர் மானத்தை இப்படிப் போட்டு உடைக்கிறியே" என்றார்.

"உங்க சங்கத்துல எனக்கு இடமில்ல. அதனால சங்கத்து ரகசியத்தைக் காப்பாத்துற வேலையும் எனக்கு இல்ல. ஆறு வருஷமா உங்க துணியைத்தான் தைக்கிறேன். என் பிள்ளை பண்ணின கிழிசலையும் நான்தான் தைக்கணும்" என்றாள் அம்மா.

பின்னால் யாரோ ஒரு பெண், செயலாளரும் நம்மளை மாதிரிதானா என்று மெல்லச் சொன்னார். கேலியாக இல்லை. நன்றாகப் படித்தவர் என்று பயந்து இத்தனை நாள் அவரிடம் நேராகப் பேசியதில்லையாம். இனிப் பலகையில் எழுதுவது அவர்களில் எழுதத் தெரிந்த ஒருவர், வரும் திங்கள் கூட்டத்துக்கு எல்லோரும் வருவது என்று அங்கேயே பேசி முடித்துவிட்டார்கள். அப்பாவுக்கு அன்று மாலையே வாசலில் தெரிந்துவிட்டது. பாய்லர்காரர் அவரை முத்தெழுத்து என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போகிறார், ஆனாலும் போகிறார். கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்பாய். ஈரத்துணித் தள்ளுவண்டிக்குப் பின்னால். கஞ்சிக்கா வண்டியை நகர்த்திவிட்டு என் முன் வந்து நின்றார். அழவில்லை, திட்டவும் இல்லை. "ஏன்டா, நாங்க உட்காரணும்னு கேட்டது உனக்கு அவ்வளவு சிரிப்பாவா இருந்தது?" என்றார்.

அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை அதுதான். அதற்கு முன் நான் அவரிடம் பேசியதே இல்லை அக்கா. சுவர் வாக்கியம் நான் எழுதியது. அந்த இரண்டு பக்கமும் நான் வீட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதியது. அரங்கத்தில் நீ இரண்டு முறை சொன்னாய் என்று படித்தபோதே எழுதியிருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் ஒரு கிண்டல் வருமே, அவர் கேட்டதற்கு அது வரவில்லை. கஞ்சிக்கா, "சரி, அந்த முனையைப் பிடி" என்று ஒரு விரிப்பை நீட்டினார். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஷிப்ட் முடியும்வரை பிடித்தேன். மூன்றாவது மணி நேரத்தில் கால் எனக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதாமல் முடித்துவிடலாம் என்று பார்த்தேன். அம்மா பேசத் தொடங்கியதுமே நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன், நிறுத்தச் சொல்லி. இரண்டு தடவை. இரண்டாவது தடவை அழுத்தி. அவள் நிறுத்தவில்லை என்றதும்தான் தள்ளுவண்டிக்குப் பின்னால் போனேன். அவள் மணிக்கட்டு இன்றைக்கும் சிவந்திருக்கிறது. அப்பாவின் மானத்துக்காக இழுத்தேன் என்று உனக்கு எழுதலாமா என்று இவ்வளவு நேரம் யோசித்தேன். அந்த நிமிஷம் எனக்கு அப்பா ஞாபகமே இல்லை.

தம்பி